டேலியாவுக்கு எவ்வளவு தண்ணீர்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது, அன்றைக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கை நிறைய ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். கிட்னி போனவன் ஆரஞ்சைத் தொடக் கூடாது என்று சொன்னால், "ஒண்ணே ஒண்ணு துன்னா இன்னா ஆயிடும்" என்று என்னிடமே திருப்பிக் கேட்பார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்தவர்களில் இதே நோயில் செத்துப்போனவர்களின் கதையை ஆரம்பிப்பார்கள். கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அங்கே என் டேலியாச் செடிகள் இருந்தன. யார் எப்படிச் செத்தார்கள் என்று அவை எனக்குச் சொல்லவில்லை.

இது தொண்ணூறுகளின் பின்பாதியில். ஒக்கலிபுரத்தில், ரயில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு சந்தில் வீடு. கீழே ஒரு குடித்தனம், மேலே நாங்கள். நாங்கள் என்றால் நானும் என் மனைவியும்தான். மகளைக் கோலாரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நான் ஓர் அரசுத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். இரும்பை அளந்து, ராவி, பொருத்துவது வேலை. தலைமுடி கனத்தில் பாதி கூடினாலும் தூக்கி எறிந்துவிட்டு, செய்தவனை நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். அதனால் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. அதை உழைத்துச் சம்பாதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கும்போது இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திக்கொண்டன. ரத்த அழுத்தம் பல வருஷமாக உள்ளுக்குள்ளேயே இருந்து தின்றுவிட்டதாம். என் கோபத்தால்தான் வந்தது என்று உறவுக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டே அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே இழுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். அந்த மெஷினை எனக்குப் பிடித்திருந்தது. மோட்டார் சீராக ஓடும், பேசாது, பழம் கொண்டு வராது. படுப்பதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். எனக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுபோயிருந்தது. உள்ளே போகிற நீர் உள்ளேயே தங்கும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எவ்வளவு எடை கூடியிருக்கிறதோ, அவ்வளவும் நான் குடித்த நீர். அது நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும், இன்னும் ஏறினால் ஆளே போய்விடுவான். ஆகவே ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி ஓர் அரை லிட்டர் பாட்டிலில் காலையிலேயே தண்ணீரைப் பிடித்து என் தலைமாட்டில் வைத்துவிடுவாள். அதுதான் அன்றைய தினத்துக்கு.

தாகம் என்று எல்லோரும் சொல்கிற தாகம் வேறு. இது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எச்சில் விழுங்கக்கூட எச்சில் இல்லாமல் கிடப்பது. கீழ்வீட்டில் துணி அலசுகிற சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வரும். ஒரு ஐஸ் துண்டுக்காக வீட்டை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். உலகத்தில் குடிக்கிறவர்கள் எல்லோர் மேலும் எனக்கு வெறுப்பு இருந்தது.

டேலியா வந்தது ஒரு தகராறில். சந்தில் செடி வண்டிக்காரர் ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார். ரோஜா, கனகாம்பரம், துளசி எல்லாம் இருக்கும். அன்றைக்கு வண்டி என் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. எடுக்கச் சொல்லிக் கத்தப் போனவன், மூலையில் கூடையில் கிடந்த கிழங்குகளைப் பார்த்தேன். சர்க்கரைவள்ளி போல இருந்தது.

"இது இன்னாத்துக்கு விக்கிற, பொரியல் பண்ணவா?"

"டேலியா கிழங்கு சார். யாரும் எடுக்க மாட்டேங்கறாங்கோ. தலையில வெக்க ஆவாது, சாமிக்கும் போட மாட்டாங்கோ."

யாருக்கும் வேண்டாத பூ என்றதும் எனக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கூடையோடு வாங்கினேன். ஓட்டை வாளி, பெயிண்ட் டப்பா, உடைந்த தொட்டி என்று அகப்பட்டதையெல்லாம் மாடிக்கு ஏற்றி, அடியில் டிரில் போட்டு, செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து நட்டேன். வீட்டில் எதற்கும் உதவாதவன் என்று ஆன பிறகு, என் கைக்குக் கீழே ஒரு வேலை வந்தது. அளவெடுக்க வேண்டிய வேலை. தண்டு உயர உயர முட்டுக் குச்சி கட்ட வேண்டும், பக்க அரும்புகளைக் கிள்ள வேண்டும், கிழங்கு அழுகாமல் நீர் விட வேண்டும்.

காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்தால் ஒரு சத்தம் வரும். சின்னதாகப் பொரிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு மூச்சு. மண் குடிக்கிற சத்தம். அதைக் கேட்பதற்காகவே தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். குடி, குடி என்று வாய்விட்டுச் சொல்வேன். எனக்கு மறுத்ததை இன்னொன்று குடிப்பதைப் பார்த்தால் பொறாமைதான் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. என் தொண்டையிலேயே இறங்குவது போல இருந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, அதற்கு மேல் அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. மழை ஓய்ந்த மாதத்தில் முதல் பூ விரிந்தது. கறுப்புக்குப் பக்கத்தில் போகிற சிவப்பு, சாப்பாட்டுத் தட்டு அகலம். கீழ்வீட்டு அம்மா துணி காயப்போட வந்தவர், "நல்லாத்தான் இருக்குது, ஆனா எதுக்கு ஆவும்?" என்று கேட்டார். ஒன்றுக்கும் ஆகாது என்று சொன்னேன். அவர் போன பிறகு நானும் பூவும் தனியாக இருந்தோம்.

இந்த இடத்தில் என் மச்சினனைச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. ஸ்ரீராமபுரத்தில் மளிகைக் கடை. கடையில் இல்லாத சரக்கும் அவனிடம் ஒன்று இருந்தது, வைத்தியம். எந்த நோய்க்கும் அவன் கடையிலேயே மருந்து இருக்கும். எனக்கு அவன் தேர்ந்தெடுத்தது பார்லி அரிசி. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பை பார்லியைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான்.

"கஞ்சி காச்சிக் குடுக்கா. மாமாவோட கிட்னிய அப்பிடியே கழுவி உட்ரும்."

செத்த கிட்னியை எதற்கடா கழுவ வேண்டும் என்று கேட்டேன். அவன் சிரித்தான். மூத்தவர்கள் பேசுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பெருந்தன்மை அவனுக்கு உண்டு, அதுதான் எனக்கு அவனிடம் மிகவும் பிடிக்காதது. அன்றிலிருந்து காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் என் மனைவி பார்லிக் கஞ்சி கொண்டுவருவாள். உப்பு கிடையாது, ருசி கிடையாது. திட்டிக்கொண்டேதான் குடித்தேன். ஆனால் மிச்சம் வைத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் எடை கூட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரித் தராசில் ஏறினால் கன்னடக்கார நர்சம்மா முகம் மாறும். மெஷினில் படுத்திருக்கையில் தசை பிடித்து இழுக்கும், அவ்வளவு நீரை ஒரே மூச்சில் உறிஞ்ச வேண்டியிருந்தது. மாடிப்படி ஏறினால் நாலாம் படியிலேயே மூச்சு வாங்கியது.

"எஷ்டு குடிதிரி சார்? நிஜ ஹேளி," என்றார் நர்சம்மா. எவ்வளவு குடித்தேன், உண்மையைச் சொல் என்கிறார்.

பாட்டிலில் இருப்பதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை என்று கன்னடத்திலேயே சத்தியம் செய்தேன். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைவிடத் தராசுதான் உறுத்தியது. வாழ்நாள் முழுக்க அளவுக் கருவியை நம்பிப் பிழைத்தவன் நான். அளவு தவறு என்று வாதாடுகிற எத்தனையோ பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன். இப்போது தராசு என்னைப் பொய்யன் என்கிறது, நான் பொய் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தும் எனக்குக் கணக்கு விளங்கவில்லை.

மச்சினனுக்கு விளங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஆரம்பித்தான்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. போன வாரம் நான் மேல போனப்ப, மாமா பைப்புல வாய வெச்சுனு இருந்தாரு. கண்ணால பாத்தேன்."

பைப்பில் வாயை வைத்தது உண்மை. வாய் கொப்பளித்துத் துப்புவது எனக்கு அனுமதித்த ஒன்று, அந்த நாளில் அதுதான் எனக்குத் திருவிழா. கொப்பளித்து டேலியாத் தொட்டியில் துப்பினேன் என்று சொன்னேன். சொல்கிற விதம் சரியில்லை போலிருக்கிறது, நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டே சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். என்னை நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் நர்சம்மா சொன்னதையும் அவள் கேட்டிருந்தாள், நான் மூச்சு வாங்கியதையும் பார்த்திருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மேல போவ வேணாங்க. நானே ஊத்திக்கறேன்" என்றாள்.

மறுநாள் மாடிக் கதவில் பூட்டு. மச்சினனே கடையிலிருந்து பூட்டும் நாதாங்கியும் கொண்டுவந்து, தானே முடுக்கிவிட்டுப் போனான். சாவி என் மனைவியின் இடுப்பில். வேலை போயிற்று, சாப்பாடு போயிற்று, தண்ணீர் போயிற்று. மிச்சம் இருந்தது அந்த மாடி ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் நான் எதற்காகப் போய் அந்த ஊசிகளைக் குத்திக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே யோசித்தேன். மனைவியிடம் பேசுவதை நிறுத்தினேன். அவள் கேட்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். காலையிலும் சாயங்காலமும் அவள் பூட்டைத் திறந்து மேலே போகிற சத்தம் கேட்கும், வாளி நிரம்புகிற சத்தம் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பேன்.

அந்த நாதாங்கியை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். பூட்டு என்னவோ பெரிய பூட்டுதான். ஆனால் நாதாங்கியின் திருகுகள் நாலும் படிக்கட்டுப் பக்கமே பல்லை இளித்துக்கொண்டு நின்றன. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். வேலை தெரியாதவன் வேலை. கழற்றவில்லை. அவளாகத் திறந்து விட வேண்டும் என்று வீம்பு. அவளுக்கும் வீம்பு. கஞ்சியை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் கொண்டுவந்து வைப்பாள், நானும் பேசாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்ப்பேன்.

மாடி பூட்டிய பிறகும் எடை குறையவில்லை. இன்னும் கூடியது. இப்போது என் மனைவியின் சந்தேகம் குளியலறை மேல் திரும்பியது. நான் குளிக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது என்றாள். வெந்நீரை அவளே விளாவி, அவளே மொண்டு ஊற்றினாள். முப்பது வருஷம் தொழிற்சாலையில் ஒரு ஷாப்பையே அதட்டி வேலை வாங்கியவன், குந்தியிருந்து தலையைக் குனிந்துகொண்டேன். சோப்பு நுரையோடு என் வாய்க்கு அருகே வழிந்த தண்ணீரை அவள் அவசரமாகக் கையால் துடைத்துவிட்டாள். அந்தத் துடைப்பு எனக்குப் பொறுக்கவில்லை. தலையைத் துவட்டினேன், சட்டையைப் போட்டேன், டூல் பெட்டியைத் திறந்தேன். நாலு திருகையும் கழற்றிப் படியில் வரிசையாக வைத்துவிட்டு, பூட்டும் நாதாங்கியுமாகக் கதவைத் தள்ளினேன்.

செடிகள் எல்லாம் வாடிக் கிடந்தன. இலை மஞ்சளாகி, தண்டு தொங்கிப்போயிருந்தது. அவளைத் திட்ட வாயைத் திறந்தவன் மண்ணைத் தொட்டேன். மண் சொதசொதவென்று இருந்தது. ஒரு தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வேரில் பிடிப்பே இல்லை, கையோடு வந்தது. கிழங்கு கூழாகியிருந்தது, நாற்றம் அடித்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. தண்ணீர் போதாமல் இல்லை, அதிகமாகிச் செத்திருந்தன. ஓரத்துச் சுவர் நிழலில் இருந்த இரண்டு தொட்டிகள் மட்டும், டிரில் போட்ட ஓட்டை பெரிதாக இருந்ததால் பிழைத்திருந்தன.

அழுகிய கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க இறங்கினேன். அவள் அடுப்படியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு அவளிடம் பேசினேன்.

"எவ்ளோ ஊத்தின?"

அவள் கிழங்கைப் பார்த்தாள். எப்படி மேலே போனேன் என்று கேட்கவில்லை. "காலைல ஒரு பக்கெட்டு, சாயங்காலம் ஒரு பக்கெட்டு. நீங்க இல்லாத குறை தெரியக் கூடாதுன்னுதான். அப்பவும் வாடிப்போச்சு. பாவம், தாகமா இருக்குதோ என்னவோன்னு மத்தியானமும் ஒரு பக்கெட்டு ஊத்தினேன்."

"வாடினா தாகம்தானா?"

"பின்ன வேற இன்னா?" என்றவள், வழக்கம்போலப் பெரிய டம்ளரை என் பக்கம் நீட்டினாள். "இத்த குடிச்சுட்டுத் திட்டுங்க. மூஞ்சியே வாடிக் கெடக்குது."

டம்ளரை வாங்கினேன். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் கூழாகிப்போன கிழங்கு. தண்ணீர் என்றால் எங்கள் வீட்டில் சொம்பில் இருப்பது, பாட்டிலில் இருப்பது. கஞ்சி மருந்து. ரசம் சாப்பாடு. மோர் சூட்டைத் தணிக்க. இவற்றில் எதையும் யாரும் தண்ணீர் என்று நினைத்ததில்லை. அவளுக்கும் தோன்றவில்லை, திட்டித் திட்டிக் குடித்த எனக்கும் தோன்றவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் ஏறியிருக்காது.

தலைமாட்டிலிருந்து அந்த அரை லிட்டர் பாட்டிலை எடுத்து வந்தேன். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அன்றைக்கு அவள் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைக் குண்டானிலிருந்து அதில் ஊற்றினேன். நிரம்பியது. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்துவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடி நிரம்பியது. குண்டானில் இன்னும் இருந்தது.

"அது மருந்துங்க," என்றாள்.

"மருந்தா இருந்தா இன்னா? உள்ள போயி எங்க போவும்?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த நேரத்தில் வந்தது இரக்கம் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது. தராசும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. தெருவில் இறங்கி எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மிச்சப் பார்லியைப் பையோடு கொண்டுபோய் அவன் ஸ்கூட்டரில் வைத்தேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் அந்தப் பெருந்தன்மை குறைந்துகொண்டே வந்தது.

"நல்லதுக்குத்தான் சொன்னேன் மாமா."

"நல்லதுக்கு சொல்றவன் இன்னும் ரெண்டு பேரு இருந்தா என்னத் தூக்கிடுவாங்கடா. மொதல்ல உன் நாதாங்கிய எடுத்துனு போ."

எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு வெகுநாள் வரவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. கஞ்சி நின்றதும் எடை இறங்கியது. நர்சம்மா, "ஈக புத்தி பந்து" என்றார், இப்போதாவது புத்தி வந்ததே என்று. விளக்கம் சொல்லாமல் கையை நீட்டினேன். பிழைத்த இரண்டு தொட்டிகளில் ஒன்றைக் கிழங்கு பிரித்து, இன்னும் சில தொட்டிகளில் நட்டேன். மாடி திரும்ப என் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் என் மனைவி ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. சோற்றைப் போடுவாள், ரசப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவாள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்க மாட்டாள், நானே பிடித்துக்கொள்ள வேண்டும். வந்தவர்களுக்குக் காபி கலந்தால்கூட டம்ளரில் ஊற்றாமல் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைப்பாள். கைராசிக்காரி என்று சந்தில் அவளுக்குப் பெயர். பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்கள் அவள் கையால் ஒரு வாய் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். இப்போது யார் கேட்டாலும் இல்லை என்றாள். ஜெயித்த சந்தோஷம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்து போயிற்று.

பொங்கல் முடிந்த மறுமாதம், டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையில் ஆபரேஷன் செய்து ஊசி குத்தப் புதிதாக ஒரு ரத்தக்குழாய் இணைப்பு வைக்க வேண்டும், சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். வந்த பிறகும் அந்தக் கையால் கொஞ்ச காலத்துக்கு ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது. பனி போய் வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம். புதுத் தொட்டிகளில் அப்போதுதான் துளிர் வந்திருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் அவளிடம், நீதான் தண்ணீர் விட வேண்டும் என்றேன்.

"என்னால ஆவாது. கீழ்வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க."

"அந்தம்மா கையில என் செடியக் குடுக்க மாட்டேன்."

"என் கையில மட்டும் குடுப்பீங்களா? கொன்னவளே நான்தான. செடியயும் கொன்னேன், உங்களையும் கொல்லப் பாத்தேன். இந்தக் கையால இனிமே ஒண்ணுத்துக்கும் ஊத்த மாட்டேன்."

சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. அப்போது எனக்குப் பயம் வந்தது. செடிக்காகவா அவளுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினேன். தொட்டிக்கு முன்னால் குந்த வைத்து, அவள் ஆட்காட்டி விரலைப் பிடித்து மண்ணுக்குள் அழுத்தினேன்.

"என்னா தெரியுது?"

"மேல காஞ்சிருக்கு. உள்ள ஜில்லுனு இருக்குது."

"அப்ப ஊத்தாத. விரல் முழுக்கக் காஞ்சிருந்தா மட்டும் ஊத்து. ஒரு சொம்பு. அதுக்கு மேல இல்ல."

"எல வாடியிருந்தா?"

"எல இன்னா வேணா சொல்லும். நீ விரல நம்பு."

அவள் விரலை வெளியே எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்றுவிடுவாளோ என்று இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் சாயங்காலம் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டரும் நர்சுகளும் செய்வதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். செடி எப்படி இருக்கிறது என்று கேட்க நாக்கு வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தட்டை என் பக்கம் நீட்டும்போது அவள் நகக்கண்ணில் செம்மண் தெரிந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வலது கையில் பெரிய கட்டு. ஒரு செடியும் சாகவில்லை. ஒன்றில் மொட்டுக்கூட வைத்திருந்தது, பச்சை உருண்டையாக, நுனியில் சிவப்பு எட்டிப் பார்த்தபடி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்குத் தெரியாமல் சிரித்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகக் குந்தி, விரலை விட்டுப் பார்த்து, சிலதுக்கு ஊற்றினாள், சிலதைத் தாண்டிப் போனாள். வாடியிருந்த ஒன்றுக்கு ஊற்றாமல் விட்டாள். அந்தத் தொட்டியில் ஈரம் இருந்தது, நான் வந்தவுடனே தொட்டுப் பார்த்திருந்தேன்.

கடைசித் தொட்டியை முடித்துவிட்டு என் முன்னால் வந்து குந்தினாள். வேட்டியை முழங்கால் வரைக்கும் ஒதுக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். வார்டில் டாக்டர் தினமும் காலையில் செய்வது அது. உள்ளே நீர் தங்கியிருந்தால், விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தில் குழி அப்படியே நிற்கும். அவள் அழுத்தி வைத்து, எடுத்து, குனிந்து பார்த்தாள். குழி விழவில்லை. விரலில் இருந்த மண் மட்டும் காலில் ஒட்டியிருந்தது.

"காஞ்சிருக்கு," என்றாள். "அர டம்ளர் குடுக்கலாம்."

கீழே போய்க் கொண்டுவந்தாள். அரை டம்ளர் என்று சொன்னவள் கொண்டுவந்தது கால் டம்ளர்தான். சண்டை போடலாம் என்று பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இடது கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. அண்ணாந்து வாயைத் திறக்கச் சொன்னாள், பிறகு அவளே ஊற்றினாள், ஒரு சொட்டும் சிந்தாமல்.